8088-க்கும் 286-க்கும் நடந்த மிளகுப் போட்டி

புதிய கம்ப்யூட்டர் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது கம்பெனிக்காகவா, என் எட்டு மாதக் குழந்தைக்காகவா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியவில்லை. கலவைக் கணக்கு முடிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதை முடித்துவிட்டுச் சுள்ளிக்கல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது குழந்தை அழுது ஓய்ந்திருப்பாள். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான் அந்தக் குறிப்பை எழுதினேன். அதில் குழந்தையைப் பற்றி ஒன்றும் இல்லை. "286 ப்ராசஸர் உள்ள மெஷின் நம் வேலையை நான்கு மடங்கு வேகமாகச் செய்யும்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

1. வேலை

மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கொச்சங்காடி குடோனில் மிளகு லாட் லாட்டாக இருக்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் மூன்று எண்கள்: ஒரு லிட்டர் மிளகின் எடை, ஈரம், உள்ளீடில்லாத பொக்கு மணி எத்தனை சதவீதம். வாங்குபவர் கேட்கும் மூன்று எண்களும் வருகிற மாதிரி எந்த லாட்டுகளை எந்த விகிதத்தில் கலப்பது என்று என் புரோகிராம் தேடும். மூன்று மூன்று லாட்டாகச் சேர்த்துப் பார்க்கும். அதை பேஸிக்கில் நானே எழுதினேன். அதுவரை குடோன் சூப்பர்வைசர் வர்கீஸ் சேட்டன் கையில் அள்ளிப் பார்த்தே கலவை சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி காசிம் ராவுத்தர் என் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"நாலு மடங்குன்னு யாரும்மா சொன்னது? டீலரா, நீயா?"

"நான்தான், முதலாளி."

"அப்ப ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டிக் காட்டு. நிஜம்னா உன் டெம்பரரிய பெர்மனன்ட் ஆக்குறேன். பொய்யின்னா டைப்ரைட்டரே போதும் நமக்கு."

2. போட்டி

எர்ணாகுளத்து டீலர் ஒரு நாள் மட்டும் 286-ஐக் கொண்டுவந்து வைக்கச் சம்மதித்தார். அவருடைய ஆள் ஷாஜி அதை எங்கள் பழைய 8088-க்குப் பக்கத்தில் வைத்தான். பழையது 4.77 மெகாஹெர்ட்ஸ், புதியது 12. ஒரே புரோகிராம், ஒரே பதினெட்டு லாட், ஒரே மாதிரி ஃப்ளாப்பி. காலை பத்து மணிக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் ரன் கொடுத்தேன்.

வாங்குபவருக்கு அன்று சாயங்காலம் சாம்பிள் போக வேண்டும். அந்தக் கலவையைத்தான் இரண்டும் தேடின.

புதியது முப்பத்தாறு நிமிடத்தில் முடித்தது. பழையது நாற்பத்திரண்டு. இரண்டு திரையிலும் ஒரே பதில்: பொருந்தும் கலவை இல்லை.

"இதானா நாலு மடங்கு?" என்றார் முதலாளி.

"மெஷின்ல தப்பொண்ணும் இல்ல கேட்டோ" என்று ஷாஜி வாசல் பக்கம் நகர்ந்தான்.

வர்கீஸ் சேட்டன் சாயா கிளாஸோடு சிரித்தார். "மோளே, கப்பல் போகத் தோப்பும்படி பாலத்தைத் தூக்கிட்டா புது லாரியும் நிக்கணும், பழைய லாரியும் நிக்கணும். எஞ்சின் பெரிசானா என்ன?"

எனக்குக் கண் கலங்கியது. சோப்பு வாங்கும்போதுகூட இரண்டு கடையில் விசாரிக்கிறவள் நான். ப்ராசஸரின் எண்ணை மட்டும் நம்பி எப்படிக் கையெழுத்துப் போட்டேன்? ஆனால் சேட்டன் சொன்னது மனதில் நின்றது. அப்படியானால் இங்கே பாலம் எது?

இரண்டு மெஷின்களையும் மறுபடி ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தேன். ஃப்ளாப்பியின் சிவப்பு விளக்கு இரண்டிலும் ஏறக்குறைய அணையாமலே எரிந்தது.

காரணம் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாதி நாள் உட்கார்ந்து அடித்த லாட் விவரமெல்லாம் கரண்ட் போய் ஒரு நொடியில் அழிந்தது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் உடனே ஃப்ளாப்பியில் சேமிக்கும் பழக்கம் வந்துவிட்டது. கலவைப் புரோகிராமிலும், மூன்று லாட் சேர்த்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடச் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நொடி. எண்ணூற்றுச் சொச்சம் தடவை. ப்ராசஸர் எதுவானாலும் அந்த முப்பத்து நான்கு நிமிடம் காத்திருந்தே ஆக வேண்டும்.

அந்த மூன்று வரிகளை எடுத்தேன். கரண்ட் போனால் எல்லாம் போகும். ரன் கொடுத்தேன்.

286 ஒன்றரை நிமிடம். 8088 ஏழரை நிமிடம்.

"அஞ்சு மடங்கு!" என்று ஷாஜி கத்தினான்.

3. வென்ற பிறகு

முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, ஏழரை நிமிஷம் எனக்குத் தாராளம். பழசே போதுமே! புதுசு எதுக்கு?"

அவர் கேட்டது நியாயம். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழையதை இப்படி ஓட வைத்ததும் நான்தானே. ஷாஜி வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

அப்போதுதான் திரையில் "பொருந்தும் கலவை இல்லை" என்று இன்னமும் நிற்பதைப் பார்த்தேன்.

"முதலாளி, மூணு லாட்டா சேர்த்தா கிடைக்கல. நாலு நாலா சேர்த்துப் பார்க்கலாம். பழசுல ஒரு மணிக்கூருக்கு மேல ஆகும். அதுக்குள்ள கரண்ட் போனா திரும்ப முதல்லேர்ந்து. புதுசுல கால் மணி நேரம்."

"சாம்பிளுக்கு நாலு லாட்டா?" என்றார் வர்கீஸ் சேட்டன். "எடை உள்ளதுல ஈரம், காஞ்சதுல பொக்கு. எத்தனை சேர்த்தாலும் நடக்காது மோளே."

"ஓட்டு" என்றார் முதலாளி.

அந்தக் கால் மணி நேரமும் மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றால் எல்லாம் போயிற்று. பதினாலாவது நிமிடம் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: நான்கு லாட் எண்கள், நான்கு விகிதங்கள். அதில் ஒன்று, யாருக்கும் வேண்டாம் என்று குடோன் மூலையில் தள்ளிவைத்த லாட்.

நான் எழுதிக் கொடுத்த சீட்டைச் சேட்டன் வாங்கிக்கொண்டு குடோனுக்குப் போனார். மதியம் தாண்டித் திரும்பினார். அவரே கலந்து, அவரே அளந்திருந்தார். கேட்டது 550 கிராம், வந்தது 552. ஈரம் சரி. பொக்கும் சரி.

"முப்பது வருஷமா மிளகு அள்ளுறேன்" என்று முதலாளியிடம் சொன்னார். "ஆ மூலை லாட்ட நான் தொட்டிருக்கவே மாட்டேன். இவ ஜெயிச்சா."

286 இங்கேயே இருக்கட்டும் என்று ஷாஜியிடம் சொல்லிவிட்டு, என் பெர்மனன்ட் ஆர்டரையும் அன்றே டைப் செய்யச் சொன்னார் முதலாளி. நானே டைப் செய்தேன். என் பெயரில் இரண்டு தப்பு விழுந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருந்தேன்.

கற்றுக்கொண்டது இது: இரண்டு ப்ராசஸர்களை ஒப்பிடுவதற்கு முன் அவை எதற்காகக் காத்திருக்கின்றன என்று பாருங்கள். மெகாஹெர்ட்ஸ் அதற்குப் பிறகு.

ஒரு யோசனை வேண்டும். சேமிக்காமல் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. இப்போது நூறு தடவைக்கு ஒரு முறை ஃப்ளாப்பியில் எழுதும்படி மாற்றியிருக்கிறேன். நாலு லாட் கணக்குக்கு அதனால் இன்னும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. மழைக்காலம் நெருங்குகிறது. சில சமயம் நூறு அதிகம் என்று தோன்றுகிறது, சில சமயம் என் பயம்தான் அதிகம் என்று தோன்றுகிறது. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் வேலை செய்கிறவர்கள் எத்தனைக்கு ஒரு முறை சேமிக்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.