இடம் மாறிய மிதவை

இது எனக்கு நடந்தது. 1984, செப்டம்பர் 22, சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் ஈரி ஏரியில். அன்று நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

வெர்னும் நானும் பதினெட்டு வருடம் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். செப்டம்பர் பிறந்துவிட்டால் காலையில் பாறைத் திட்டில் பாஸ் மீன், மதியம் ஆழத்தில் பெர்ச் மீன். அந்த வருடம் டொலீடோ நகரத்திலிருந்து க்ளேட்டன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். பெரிய படகு, புது இன்ஜின். ஆகஸ்ட் முடிவதற்குள் வெர்ன் அந்தப் படகுக்குப் போய்விட்டான். அவன் உட்காரும் பக்கம் காலியானதில் என் படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் அவர்களைப் பார்த்தேன். கூலர் என்கிற ஐஸ் பெட்டி வழிய பெர்ச், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம். என்னிடம் ஒன்பது இருந்தன. க்ளேட்டன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன எமில், பூனைக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வெர்னும் சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு வெர்ன் என்னிடம் வந்து, "சாயங்காலம் இன்னொரு தடவை போறோம். நீயும் வாடா, எடம் இருக்கு" என்றான்.

"எனக்கு என் படகு போதும்" என்றேன். நான் அவனிடம் நேரில் கடைசியாகப் பேசியது அது.

மறுநாள் காலை 6.10க்கு ஓடைக்கரையில் இருக்கும் என் சொந்தத் துறையிலிருந்தே கிளம்பினேன். துறைமுகப் பக்கம் போனால் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். க்ளேட்டனின் பெருமைப் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று ரேடியோவையும் அணைத்துவிட்டேன். கடும் மூடுபனி. முந்தின நாள் அவர்கள் நின்ற திசையை மனதில் குறித்து வைத்திருந்தேன். திசைகாட்டியும் கைக்கடிகாரமும் பார்த்து, முப்பத்தொரு நிமிடம் ஓட்டினேன்.

6.41. பனிக்குள் ஓர் ஆரஞ்சு கேன் மிதந்தது.

க்ளேட்டனின் மிதவை. மீன் கூட்டம் கிடைத்த இடத்தில் கேனில் கயிறும் கல்லும் கட்டிப் போட்டு வைப்போம். அடுத்தவன் மிதவை அருகே தூண்டில் போடுவதே கேவலம். அதைத் தொடுகிறவனை எங்கள் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

நான் தொட்டேன். கயிற்றை இழுத்தேன். பாதியில் கனத்தது. யாரோ பிடித்துக்கொண்டு, பிறகு விட்டதுபோல் இருந்தது. களையில் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். அரை மைல் தள்ளி, மீனே நிற்காத வெறும் சேற்றில் அதைப் போட்டேன். அங்கே போய் நாள் முழுக்கக் காத்திருக்கட்டும் இரண்டு பேரும். வாய்விட்டுச் சிரித்தேன்.

7.15. பழைய இடத்துக்குத் திரும்பி நங்கூரம் இட்டேன். தூண்டில் இறங்கியதும் இரண்டு முள்ளிலும் பெர்ச். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. இன்று வெர்ன் என் கூலரைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அப்போதுதான் கவனித்தேன். கூலரில் ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. செவுள்கள் மட்டும் மெல்ல அசைந்தன... எல்லாம் ஒரே நேரத்தில்.

7.38. டக். டக்.

அது வெர்னின் பழக்கம். தூண்டிலை இறக்குமுன் ஈயக்குண்டைப் படகின் விளிம்பில் இரண்டு முறை தட்டுவான். வந்துவிட்டார்களா? மூடுபனியில் நங்கூரமிட்ட படகு நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வேண்டும். நான் என் மணியை அடித்தேன். பதில் மணி வரவில்லை.

"எமில்..."

வெர்னின் குரல். மிக அருகில்.

"அத ஏன்டா எடுத்த?"

முகம் சூடேறியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒன் புது சிநேகிதனக் கேளு. அவனோடதான இருக்க?"

தூண்டிலை மேலே இழுத்தேன்.

"அவன் கரைக்குப் போயிட்டான்டா... அதத் திருப்பி வையி."

சுற்றிலும் பார்த்தேன். படகு இல்லை.

டக். டக்.

இந்த முறை காதில் கேட்கவில்லை. பாதத்தில் கேட்டது.

படகின் அடியிலிருந்து.

"திருப்பி வையிடா..."

7.44. கத்தியால் நங்கூரக் கயிற்றை அறுத்தேன்.

இன்ஜினை முடுக்கி ஓடினேன்.

மிதவையைத் திருப்பி வைக்கவில்லை.

8.20க்குத் துறைமுகம். படகுகள் எதுவும் கிளம்பாமல் நின்றன. நீரில் மூழ்கித் தேடுகிறவர்கள் இரண்டு வண்டிகளில் வந்து, பனி விலகக் காத்திருந்தார்கள். வெர்னின் மனைவி லொரெட்டா தரையில் உட்கார்ந்திருந்தாள். க்ளேட்டன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின நாள் மாலை 5.50க்கு நங்கூரத்தை இழுக்கும்போது வெர்ன் தவறி விழுந்தானாம். மேலே வரவே இல்லையாம்.

"விழுந்த எடத்துலயே கேனப் போட்டுட்டேன். நேர் கீழதான் இருப்பான். கேன் இருக்குல்ல, கண்டுபிடிச்சிரலாம்."

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து க்ளேட்டன் அழ ஆரம்பித்தான். "என் வெர்ன்" என்றான். லொரெட்டா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். வந்து சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவன். என் வெர்னாம்.

வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் அந்த ஆரஞ்சு கேனைச் சுற்றித் தேடினார்கள். வெர்ன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் க்ளேட்டன், லொரெட்டாவை அழைத்துக்கொண்டு போய் அந்த வெறும் சேற்றின்மேல் பூப்போடுகிறான்.

அவர்கள் கரைக்குத் திரும்பும்வரை காத்திருப்பேன். பிறகு திசைகாட்டி, கைக்கடிகாரம், முப்பத்தொரு நிமிடம். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவன் இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் சொல்ல மாட்டேன்.