முதுகில் தென்னை முளைத்த மீன்

குளச்சல் கடற்கரையில் பொய் சொல்வது லேசான காரியமில்லை. அசர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்ததும், கரையேற்றிக் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களின் நிழலில் பழைய கப்பல்காரர்கள் வந்து உட்காருவார்கள். அங்கே வாய் திறக்கிறவன் ஒரு தடவையாவது கடலைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாதவன் சொன்னால் அது பொய்; தாண்டினவன் சொன்னால் அது கதை. ஆறாம் பாரம் முடித்து, இங்கிலீஷ் பூகோளப் புத்தகத்தை முழுசாக ஒப்பிக்கத் தெரிந்திருந்த எனக்கு அங்கே கேட்கிற உரிமை மட்டும்தான்.

வாப்பா என்னைக் கயிற்றுக் கடையில் உட்காரச் சொல்வார். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பேன்? நழுவிவிடுவேன். கரையில் கிடைக்கிற சரக்கு வேறு எங்கே கிடைக்கும்! தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் மனுச முகத்தோடு ஒரு மீன் இருக்கிறதாம். பெண்கள் துணி அலச வந்தால் தலையைத் தூக்குமாம், ஆண்கள் வந்தால் முங்கிவிடுமாம்.

“அதுக்க முகம் யாரு முகம் மாதிரி இருக்கும்?” என்று கேட்டேன்.

“அதைச் செல்லப்பிடாது மக்கா. சொந்தக்காரங்க இங்கதான் இருக்காங்க” என்று பதில் வந்தது.

மாலத்தீவுப் பக்கம் ஒரு ஜின் போகிற கப்பலையெல்லாம் நிறுத்தி மூக்குப்பொடி கேட்குமாம். கொடுத்தால் தும்மும், கொடுக்காவிட்டால் அழும். தும்மினால் புயல், அழுதால் மழை. எது வேண்டும் என்று கப்பல்காரன்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதையெல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அடுக்களையில் எனக்கு மூத்தவளான ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். ஜின் எவ்வளவு உயரம், மீனுக்கு எத்தனை வரிசைப் பல் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். அவள் கேட்பது வேறு. “அவன் பிழைச்சானா?” என்பாள். பிழைத்தான் என்றால், “தண்ணிக்கு என்ன செய்தானாம்? வெயிலுக்குத் தலையிலே என்ன போட்டிருந்தானாம்? எந்தக் காத்து அடிச்சுதாம்?” என்று ஒவ்வொன்றாக வரும். கதையில் செத்துப்போனவர்களை அவள் துருவலோடு தள்ளிவிடுவாள்.

ராத்தாவைக் கட்டிய என் மச்சான் கொழும்புக்குக் கயிறும் கருவாடும் ஏற்றிப்போன பாய்க்கப்பலில் போனவர். அந்தக் கப்பல் போய்ச் சேரவில்லை. மன்னார்க் கரையில் சில பலகைகள் ஒதுங்கியதாகச் சேதி வந்தது. ஆளைப் பற்றி ஒன்றும் வரவில்லை. பல பெருநாள் கழிந்துவிட்டது. இனிமேல் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆலிமும் சொல்லிவிட்டார். கோட்டாறில் மனைவியை இழந்த ஒரு ஜவுளிக்காரர் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். மச்சான் இறந்துவிட்டார் என்று வைத்துப் பாத்திஹா ஓதி முடித்துவிட்டு அந்தக் காரியத்தைப் பேசலாம் என்பது வாப்பாவின் எண்ணம். ராத்தா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் சரங்கு இன்னொரு மீன் கதையைச் சொன்னார். கப்பல்களில் ஆட்களை மேய்த்தவர் என்பதால் ஊரில் அவருக்கு அதுவே பேர். கப்பல் உடைந்த ஒருவன் நீந்தி நீந்தி ஒரு தீவில் ஏறினானாம். தீவில் தென்னை நின்றதாம், குடிக்க இளநீர்க் கருக்கும் கிடைத்ததாம். தீப்பெட்டி நனையாமல் இருந்ததனால் அடுப்பு மூட்டினானாம். தீவு “அம்மாடி” என்று நெளிந்ததாம். பார்த்தால் அது மீன்!

“மீனுக்க முதுகிலே தென்னை எப்படி மாமா முளைக்கும்?” என்றேன்.

“உனக்க தலையிலே படிப்பு முளைக்கல்லியா? அதுபோலத்தான்” என்றார். வள்ளத்து நிழலே குலுங்கிச் சிரித்தது.

அப்புறம் அவன் தீ மூட்டுவதை விட்டுவிட்டு, மீன் பிடித்துப் பச்சையாகத் தின்றே நாளைக் கழித்தானாம். “ஆனா ஒரு கிறுக்கு உண்டு அவனுக்கு. எந்த மீனைத் தின்னாலும் வாலை ஒடிச்சு ஓரமா வைப்பான். ஏண்டான்னா பூனைக்காம். நடுக்கடல்ல பூனைக்கு வால் எடுத்து வைக்கிறான் பாத்துக்க!”

நான் இதை வீட்டில் நடித்தே காட்டினேன். மீன் நெளிந்த இடத்தில் நானும் நெளிந்தேன். வாலை ஒடித்து வைத்த இடத்தில் துருவுகிற சத்தம் நின்றது.

“என்னது? வாலை என்ன செய்தானாம்?”

மறுபடி சொன்னேன். ராத்தா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். மச்சானுக்கு அவள்தான் தனியே சோறு போடுவாள். நாங்கள் யாரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அவர் ஒவ்வொரு சாப்பாட்டிலும் மீன் வாலை ஒடித்து வட்டிலின் ஓரத்தில் வைத்து “பூனைக்கு” என்பாராம். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

“போய்க் கேட்டுட்டு வா. யாரு பாத்தது, எங்க பாத்ததுன்னு கேட்டுட்டு வா. அதுவரைக்கும் வாப்பாவுக்கு நான் ஒரு பதிலும் செல்லமாட்டேன்.”

மறுநாள் காலையிலேயே சரங்கைப் பிடித்தேன். “நான் பாக்கல்ல. மணவாளக்குறிச்சிக் கருவாட்டுக்காரர் செல்லித்தான் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மணவாளக்குறிச்சியில் கருமணலில் சக்கரம் புதைந்தது, இறங்கித் தள்ளினேன். கருவாட்டுக்காரர் மீன் காயப்போட்ட பாய்களுக்கு நடுவே காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். கதையைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“மீனா? எவன் சொன்னான் மீன்னு? ஆமை லே அது. யானை கெணக்க ஒரு ஆமை.”

“அதுக்க முதுகிலே தென்னை…”

“ஆமைக்க முதுகுல தென்னை நிக்குமாலே? படிச்ச பிள்ளைதானே நீ? கொஞ்சம் யோசிச்சுப் பேசப்பிடாதா?”

நான் யோசித்துப் பேசினேன். “வாலை ஒடிச்சுப் பூனைக்கு வைச்சதா…?”

“என்ன பூனை?”

ஆனாலும் இவர் மறந்திருக்கலாமே. யாரிடம் கேட்டது என்றேன். முட்டத்தில், பிழைத்து வந்தவன் வாயாலேயே கேட்டதாம். பிழைத்து வந்தவன் முட்டத்தில் உயிரோடு இருக்கிறான்! அவன் யார், என்ன பேர் என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. வள்ளியாற்றில் தோணிக்காரரிடம் கெஞ்சிச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போனேன். பூகோளப் பாடத்தில் ஆறு உற்பத்தியாகிற இடத்தை நோக்கிப் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் என்று படித்திருக்கிறேன். தீவு மீனாகி, மீன் ஆமையாகி, இன்னும் எவ்வளவு சிறுக்கப்போகிறதோ என்று பயந்துகொண்டே மிதித்தேன். கடைசியில் ஒரே ஒரு ஆள் மிஞ்சினால் போதும், அந்த ஆள் என் மச்சானாக இருந்தால் போதும்.

கலங்கரை விளக்குக் கூண்டுக்குக் கீழே, பாறையோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரைக் கைகாட்டினார்கள். மச்சான் இல்லை என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டை குட்டையான ஆள். கழுத்தில் சிலுவைக் கயிறு. சைக்கிளை விட்டு இறங்கவே மனமில்லை.

“ஆமையா? வந்துது மக்கா” என்றார் அவர். “ஒரு முறம் அளவு இருக்கும். கட்டுமரம் பிரிஞ்சு நான் ஒத்தைத் தடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கிடக்கேன். அது பக்கத்துல வந்து மூஞ்சியைப் பாத்துது. அதைத் திங்கணும்னு நான் பாத்தேன், என்னைத் திங்கணும்னு அது பாத்துது. ரெண்டு பேருக்கும் சாமர்த்தியம் பத்தல்ல.”

“பூனை ஏதாவது…?”

“பூனை வீட்டுல கிடக்கு. அதைக் கடலுக்குக் கொண்டு போறதில்ல.”

திரும்பி வரும்போது நேரே வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சரங்கின் வீட்டு வாசலில் போய் நின்றேன். வாலை யார் ஒடித்து வைத்தது என்று கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“நான்தான்” என்றார். “எங்க கப்பல்ல ஒரு முறை உண்டு மோனே. பிழைச்சு வந்தவனுக்க கதையைச் செல்லும்போது, வராதவன் ஒருத்தனையும் அதுல ஏத்திக்கிடணும். அவன் பேச்சோ நடையோ, ஏதாவது ஒண்ணு. கதையிலயாவது கரை ஏறட்டும்னு. உனக்க மச்சான்கூட எத்தனை நடை கொழும்புக்குப் போயிருக்கேன்! சோறு தின்னும்போதெல்லாம் வாலை எடுத்து வைப்பான், நாங்க சிரிப்போம். அன்னைக்கு அவன் நினைப்பு வந்துது, ஏத்திட்டேன்.” பிறகு தலை குனிந்துகொண்டார். “கடக்கரைப் பேச்சு அடுக்களைக்குப் போகாதுன்னு இருந்துட்டேன். நீ ஒருத்தன் கொண்டு போவேன்னு யாரு கண்டா?”

அவரைத் திட்டவேண்டும் என்றுதான் போனேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்தாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஆமையை முறம் அளவுக்குக் கையால் காட்டியபோதுகூட அவள் முகம் மாறவில்லை. சரங்கு சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம், “எனக்கு அந்த ஆளைப் பாக்கணும்” என்றாள்.

“சரங்கையா?”

“முட்டத்துக்காரரை. கடல்ல கிடந்து திரும்பி வந்த ஒரு ஆளை எனக்குப் பாக்கணும்.”

வாப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவரே போய்த் திரை கட்டிய வில்வண்டி ஒன்றை அமர்த்தி வந்தார். “பாத்துட்டு வரட்டும்” என்றதோடு சரி.

முட்டத்துக்காரரின் பெண்சாதி ராத்தாவை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் முற்றத்தில் தென்னையின் அடிமூட்டில் உட்கார்ந்தார். நடுவாசலில் நான். ராத்தா கேட்பது அவருக்குக் காதில் விழும். ஆனாலும் மரியாதைக்கு நான் ஒருமுறை திருப்பிக் கேட்க வேண்டும். அவரும் என்னைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. தண்ணீர், வெயில், காற்று என்று எதையாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அங்க கிடக்கும்போது வீட்டை நினைச்சீங்களா?”

நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் கதவுக்குள்ளே எட்டித் தன் பெண்சாதியைப் பார்த்தார். “செல்லலாமா ஏட்டி?”

“செல்லும். எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?”

“முதல்ல நினைச்சேன். பிள்ளைய நினைச்சு அலறிக் கூப்பிட்டேன். பொறவு எல்லாம் போச்சு. பிள்ளைக்க முகம் மறந்துபோச்சு. இவளுக்க பேரு மறந்துபோச்சு. தாகம்கூட இல்ல. தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருந்துது. விழிஞ்ஞம் பக்கத்துல ஒரு கப்பல்காரன் தூக்கினப்போ எனக்கு அவன்மேல கோபம்தான் வந்துது. நல்லா உறங்குறவனை ஏன் எழுப்புறான்னு.”

“அடப் பாவி மனுசா!” என்றாள் உள்ளேயிருந்து பெண்சாதி. “அதான் வந்து ஒரு மாசம் ‘ஏட்டி, ஏட்டி’ன்னே கூப்பிட்டுக்கிட்டு நடந்தீரா? பேரு நெனவு இல்லன்னு இப்பதானே தெரியுது!”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் ஒன்று ராத்தாவுடையது. அந்தச் சிரிப்பை நான் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அவரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வண்டி திரும்புகிற வழியில் திரைக்குள்ளிருந்து அவள் பேசினாள்.

“அவரு என்னைக் கூப்பிட்டுக்கிட்டே கிடந்திருப்பாருன்னு இருந்தேன். கிணத்தடியில நிக்கும்போதும் கேக்கும், அடுப்படியிலயும் கேக்கும். நான் போகாம இங்க சோறு தின்னுக்கிட்டு இருக்கேனேன்னு…” திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். “கூப்பிட்டிருக்க மாட்டாரு. கொஞ்சம் கூப்பிட்டிருப்பாரு, பொறவு உறங்கியிருப்பாரு. இல்லியா?”

“ஆமா ராத்தா.”

“வாப்பாட்ட செல்லு. பாத்திஹா ஓதட்டும்.”

“கோட்டாறு?”

“அது வேண்டாம்.”

“அவரு வருவாருன்னு நினைக்கியா?”

“வரமாட்டாரு. எனக்கு அவரு போதும்” என்றாள்.

வாப்பா கோட்டாறுக்கு வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டு, பாத்திஹாவுக்கு நெய்ச்சோற்றுக்கு ஏற்பாடு செய்தார். அன்று வீடு நிறைய ஆள். கப்பல்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஓதி முடிந்ததும் ராத்தா உள்ளறைக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்தவள், அந்தச் சந்தடியிலேயே உறங்கிப்போனாள். உம்மா கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் கைகாட்டி அடக்கினாள். கரையில் அத்தனை சத்தம் போடுகிற மனிதர்கள் வட்டில் கூட இடிபடாமல் சாப்பிட்டுவிட்டு, பெருவிரலில் நடந்து வெளியே போனார்கள்.

எனக்குத்தான் இப்போது நிலைகொள்ளவில்லை. அவள் நிம்மதியாகிவிட்டாள்; நான் ஆகவில்லை. நானே கடலில் போய்த் தேட வாப்பா என்னை ஒருபோதும் விடப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் தெற்கே ஒரு பாய் தெரிந்தால், அது யாருடைய கப்பல், எங்கேயிருந்து வருகிறது, ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று, கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.