இரண்டு பொட்டலங்களும் ஒரு ஸ்டவ்வும்

சாமி எதிரில் மோசடி செய்த ஆள் நான். அதுவும் சொத்துக்காகவோ பதவிக்காகவோ அல்ல, காலை ஐந்தரை மணிக் காபிக்காக. மோசடி செய்கிறவனுக்குத் தடயத்தை அழிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நானோ தடயத்தைப் பொட்டலமாக மடித்து, நூல் சுற்றி, முடிச்சும் போட்டு, யாரை ஏமாற்றினேனோ அவள் கையிலேயே போய்ச் சேரும்படி விட்டேன். என் மூளையைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், நான், எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமான மனைவி. அந்த மூன்று வருஷத்தில் நானும் அவளும் தனியாகப் போன அதிகபட்ச தூரம் தியாகராய நகர் ஜவுளிக்கடை. அந்தப் பயணத்திலும் லஸ் முனையில் ஓர் அத்தை பஸ்ஸில் ஏறிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, புடவையையும் அவளே தேர்ந்தெடுத்தாள்.

இப்படியிருக்க, ஒரு மாசி மாதம், இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையும் ஞாயிறும் கையில் கிடைத்தபோது, எனக்கு ஒரு விபரீத ஆசை பிறந்தது. எங்காவது கடற்கரை ஊருக்கு இரண்டு நாள் போய்வரலாமே என்று மனைவியிடம் சொன்னேன். சாந்தோம் கடல் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். சும்மா கிடைக்கிற கடலுக்கு மதிப்பில்லை, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால்தான் அது கடல் என்பது என் கொள்கை.

அவள் வெகு நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வேணா போலாம். ரெண்டு நாள் நான் அடுப்பு மூட்டப்படாது. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆகட்டும் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். அலுவலகத்தில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

அவள் கேட்டதன் கனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் ஸ்டவ்வுக்குப் பம்பு அடிக்கும் சத்தத்தில்தான் எங்கள் வீடு கண் விழிக்கும். முதல் டிகாக்ஷன் அப்பாவுக்கும் எனக்கும். இரண்டாவது தம்பிகளுக்கு. மூன்றாவது, காபி என்று சொன்னால் நம்பவேண்டிய ஒரு திரவம், அவளுக்கு. இராத்திரி அப்பாவுக்குப் பால் காய்ச்சி முடித்தபிறகுதான் ஸ்டவ்வுக்கு ஓய்வு. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை, ஸ்டவ்வைச் சொல்கிறேன்.

எந்த ஊர் என்பதில்தான் சிக்கல். மகாபலிபுரம் ஒன்று, அதற்குக் கொஞ்சம் இப்பால் கோவளம் ஒன்று. கோவளம் அவளுடைய யோசனை. சாந்தோமில் அவள் தையல் கற்றுக்கொண்ட டீச்சரம்மாவின் அக்கா கோவளத்தில் இருந்தாள். கடலைப் பார்த்தாற்போல் ஓர் அறை, வாடகைக்கு விடுவாள். அங்கே சமையல் கட்டு கிடையாது. பிரெட், வாழைப்பழம், தயிர் வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு நாள் ஓடிவிடும் என்றாள் என் மனைவி. அதைச் சொல்லும்போதே அவள் முகத்தில் ஏதோ விருந்துக்குப் போகிற களை வந்தது.

சமையல் கட்டு இல்லையென்றால் காபி ஏது? ஆனால் ஒரு பட்டதாரி, வெறும் காபிக்காக ஓர் ஊரை நிராகரிக்க முடியுமா? ஆகவே பல்லவர்களைக் கூப்பிட்டேன். கல்லில் கவிதை, கடலோரத்தில் காவியம், இதைப் பார்க்காதவன் தமிழனா என்றெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் பேசினேன். பல்லவர்களில் இரண்டு பேருக்குமேல் எனக்குப் பெயர் தெரியாது. அந்த இரண்டு பேரில் யார் அப்பா, யார் பிள்ளை என்பதிலும் சந்தேகம்.

பனகல் பூங்காவுக்கு அருகிலிருந்த எங்கள் அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னதும் பிரிவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி கோவளத்து மணல் பஞ்சு மாதிரி இருக்கும் என்றது. மற்றது மகாபலிபுரத்துக் காற்றுக்கு நெஞ்சுச்சளி போகும் என்றது. இரண்டு நாள் ஒரு கோப்பும் நகரவில்லை. விசாரித்துப் பார்த்ததில் ஒன்பது பேரில் ஒருவரும் இரண்டு ஊருக்கும் போனதில்லை. கடைசியில் ஹெட் கிளார்க் என் தோளில் கைவைத்து, தன் மச்சினனுக்கு மகாபலிபுரத்தில் ஒரு காலி வீடு இருப்பதாகவும், பாத்திரம் பண்டம் எல்லாம் உண்டு, ஒரு ஸ்டவ் மட்டும் கொண்டு போனால் போதும் என்றும் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லவர்கள் கைவிடவில்லை.

வீட்டில் அம்மாவிடம் வழக்குப் போனது. அம்மாவுக்குக் கோவளம் என்றால் கருவாட்டு வாசனை. மகாபலிபுரத்தில் பெருமாள் கோயிலாவது இருக்கிறது. ஆனாலும் அவள் நியாயஸ்தி. மருமகள் முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பூக்கட்டிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதிலிருந்து பல் பிடுங்குவதுவரை எல்லாம் பூக்கட்டிப் போட்டுத்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து நமஸ்காரம் செய்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றிலோ ஓடுகிற தண்ணீரிலோ போட்டுவிட வேண்டும். இது அம்மாவின் சட்டம். இந்தச் சட்டத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை அந்த வீட்டில் அதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

நந்தியாவட்டை என்றால் கோவளம். சிவப்பு அரளி என்றால் மகாபலிபுரம். எடுக்கப் போகிறவள் மனைவி, ஆகையால் மடிக்க வேண்டியவன் நான். தினசரிக் காலண்டரிலிருந்து இரண்டு தாளைக் கிழித்தேன். இரண்டிலும் அரளியை வைத்து மடித்தேன். நந்தியாவட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிள்ளையார் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவருக்கும் ஒரு தேங்காய் மனசுக்குள் நேர்ந்துகொண்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இவ்வளவு பக்தியாக அவள் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அரளி. சரி என்றாள். அவ்வளவுதான். மற்றப் பொட்டலத்துக்காக நான் கையை நீட்டுவதற்குள், அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கிணத்துல போட்டுடறேன், குடு" என்றேன்.

"கடலுக்குத்தானே போறோம். அங்கயே விட்டுக்கறேன்."

அம்மாவுக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் மனைவி ரசப்பொடி இடித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பையை மூன்று முறை துழாவினேன். முதல் முறை என்ன தேடுகிறேன் என்று அம்மா கேட்டாள். ஊசி என்றேன். இரண்டாம் முறை தம்பி கேட்டான். அவனுக்கும் ஊசி. மூன்றாம் முறை மனைவியே ஓர் ஊசியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை சைக்கிள் ரிக்‌ஷாவில் கிளம்பினோம். அடையாறில் பஸ் பிடிக்க வேண்டும். என் மடியில் பம்பு ஸ்டவ். காலடியில் மண்ணெண்ணெய் பாட்டில், ஃபில்டர், காபிப்பொடி, அரிசி, ரவை, ரசப்பொடி, அப்பளம். கிட்டத்தட்டக் குடிபெயர்ந்து போகிற கோலம். அவள் மடியில் அந்தப் பை மட்டும். ராஜா அண்ணாமலைபுரம் தாண்டிப் பாலத்தின்மேல் ஏறியதும் இடதுகைப் பக்கம் கடல் பளபளத்தது. ரிக்‌ஷாக்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இன்னா நைனா, ஸ்டவ்வெல்லாம் தூக்கிக்கினு எங்க போற?"

மகாபலிபுரத்துக் கடலைப் பார்க்கப் போகிறோம் என்றேன்.

"அப்ப இது இன்னா, குட்டையா?"

என் மனைவி சிரித்தாள். பூக்கட்டிப் போட்ட நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பும் பஸ்ஸில் ஏறி, என் ஸ்டவ்வை அவள் காலுக்கடியில் வைத்ததும் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எனக்கு மண்ணெண்ணெய் வாசனையிலும் பயத்திலும் வியர்த்துக்கொண்டே இருந்தது. பல்லவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

கேளம்பாக்கத்தில் பஸ் நின்றது. நேரே போனால் மகாபலிபுரம், இடதுபுறம் திரும்பினால் உப்பளங்களைத் தாண்டிக் கோவளம். ஒரு கிழவர் ஏறிக் கையைத் தட்டி வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். நான் அதை விலை கேட்டுக்கொண்டிருந்தபோது நூல் அறுபடும் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது. குற்றவாளிகளுக்குக் காது கூர்மை.

பிரிக்கக் கூடாது, அம்மா சொல்லியிருக்கிறாள் என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் காலண்டர் தாள் விரிந்துவிட்டது. அரளி இரண்டு நாளில் சுருங்கிப் போயிருந்தது. ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன பூவுக்கு நிறம் மட்டும் போகாது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. பூவை என் சட்டைப்பையில் போட்டாள், தன் பையை எடுத்துக்கொண்டாள், இறங்கிவிட்டாள்.

நானும் இறங்கினேன். சொல்வது சுலபம். ஸ்டவ், பாட்டில், ஃபில்டர், அப்பளம் எல்லாவற்றோடும் இறங்கினேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு குடும்பம் காலி செய்வதைப் பொறுமையாகப் பார்த்தார். கோவளம் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றோம். அந்த ஒரு மணி நேரத்தில் காபி விஷயத்தை முழுக்க ஒப்புக்கொண்டேன். பல்லவர்கள் நிரபராதிகள் என்றும் சொன்னேன். அவள் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். அதைக்கூட அவளே வாங்கியிருந்தாள்.

கோவளத்து வீட்டம்மா எங்களை வரவேற்க வாசலுக்கு வந்தவர், என் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஸ்டவ்வு இன்னாத்துக்கு சார்? ரூம்ல சமைக்கக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லலியா?"

நான் விழிப்பதைப் பார்த்து மனைவி பதில் சொன்னாள். ஸ்டவ் என்னுடையது என்றும், அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை என்றும். அந்த அம்மாள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் வெளித் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம், காலையில் பால் தருகிறேன் என்றார்.

அன்று முழுதும் பிரெட், வாழைப்பழம், தயிர். என் மனைவி அதைச் சாப்பிட்ட அழகை எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கடலோர டீக்கடையில் காபி கேட்டேன். டீதான் இருக்கிறது என்றார்கள். குடித்தேன். அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, பம்பு அடிக்கும் சத்தம் எதுவும் கேட்காததால் ஐந்தரைக்குத் திடுக்கிட்டு விழித்தேன். பக்கத்தில் அவள் இல்லை. தாழ்வாரத்தில் ஸ்டவ் அப்படியே இருந்தது. அதனருகில் மூடிவைத்த ஒரு சொம்புப் பால். முப்பது வயதுவரை ஸ்டவ் பற்றவைத்து அறியாதவன் நான். பம்பு எந்தப் பக்கம், அடைப்பெடுக்கிற பின்னை எந்தப் பக்கம் குத்துவது என்றுகூடத் தெரியாது. வெளியே ஓடினேன்.

கட்டுமரங்களுக்கு அப்பால், நனைந்த மணலில், இரண்டு காலையும் தண்ணீருக்குள் நீட்டியபடி அவள் உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்கால்வரை ஈரம். ஓர் அலை வந்து போயிற்று. அதற்கு அவள் நகரக்கூட இல்லை. நான் பின்னால் போய் நின்றேன். மன்னிப்புதான் கேட்க நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"காபி..." என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"எனக்கும் ஒண்ணு."