உச்சி வெயிலுக்கு ஒரு கட்டம்

பங்குனி இரண்டாம் வெள்ளியன்று மொட்டைமாடியில் இரண்டு சிமெண்ட் அட்டைத் துண்டுகளை வைத்தேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் செங்கல் நிறம். இரண்டுமே வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்ட். அந்த மாடிக்கு நேர் கீழே, மேல்தளத்து அறையில்தான் என் மனைவியின் தையல் மெஷின். போன சித்திரையில் அங்கே அவளுக்கு மயக்கம் வந்து, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் மேலேயே சாய்ந்துவிட்டாள். இன்னொரு முறை அப்படியானால் தையலை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் கேட்டது செங்கல் நிறம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, வெள்ளைத் தரையில் நின்று துணி காயப்போட்டால் கண் கூசுகிறது.

காலை ஏழு, மாலை ஐந்து என இரண்டு வேளையும் சூட்டை அளந்து டைரியில் எழுதினேன். பத்து நாளாகியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செங்கல் நிறமே போதும் என்று முடிவு செய்தேன்.

கோவையில் கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள், நான் அனுப்பிய செங்கல் நிறப் பெயிண்ட் எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்று அளந்து, போனில் இரண்டு எண்கள் சொன்னாள். பெயிண்டும் ஒன்று, அளவீடும் ஒன்று. எந்த வெயிலை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் வேறுபாடு. சாய்ந்த சூரியனின் நேர்க்கதிரை மட்டும் எடுத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிரின் பங்கு கூடுதல். இந்த நிறம் அதைத்தான் நன்றாகத் திருப்பும், எண் ஏறிவிடும். உச்சிச் சூரியனையும் வானத்து வெளிச்சத்தையும் சேர்த்தால் இறங்கிவிடும். வெள்ளைக்கு இரண்டிலும் பெரிய மாற்றமில்லையாம்.

"டப்பாவுல போட்டிருக்கறது மொத நம்பர்ப்பா. திண்டுக்கல் மத்தியானத்துக்கு ரெண்டாவதத்தான் பாக்கணும். நீங்க மத்தியானம் அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அந்நேரம் நான் கீழே ஃபேனுக்கடியில் தூங்குவேன்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே கொக்கி தைத்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "உங்கப்பா டைரில மத்தியானமே கெடயாது. நான் மேல உக்காந்து வேகுறது அப்பத்தான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் உறைத்தது.

மறுநாள் பன்னிரண்டரைக்கு மாடி ஏறினேன். செங்கல் துண்டில் கை வைக்க முடியவில்லை. வெள்ளையில் வைத்த கையை எடுக்கத் தேவையிருக்கவில்லை.

வெள்ளையே அடித்தோம். கொடிக்கயிற்றுக்குக் கீழே மட்டும், அவள் கண்ணுக்காக, ஒரு பாய் அகலத்துக்குச் செங்கல் நிறம்.

டைரியில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். சித்திரை முழுக்க, உச்சியில் நான் மாடிக்குப் புறப்படும்போது, ஆஸ்பத்திரியில் கொடுத்த தன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டுவாள்.

"பாத்துட்டு வந்து செத்த நேரம் இங்கனயே படுங்க. கீழ எதுக்குப் போறீங்க?"

மெஷின் சத்தத்தில் தூங்கப் பழகிக்கொண்டேன். ஒருநாள் எழுதாமலே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால், மூன்றாவது கட்டத்தில் அன்றைய உச்சிச் சூடு, அவள் கையெழுத்தில்.