முதல் தார்

ஐம்பதுகளில் நான் திருச்சிக் கல்லூரி ஒன்றில் லத்தீன் வாத்தியார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் உள்நாட்டுப் போர் முடிந்து சிப்பாய்களுக்கு நிலம் பங்கிட்டபோது, தன் நிலத்தை இழந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் இடையனின் லத்தீன் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும். “இது கற்பனை இல்லை, சரித்திரம்” என்பேன்.

குத்தகைக்காரரை இனி வெளியேற்ற முடியாதபடி சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், எங்கள் தொட்டியத்து வாழைத்தோட்டத்திலிருந்து குத்தகைக்காரர் மாரிமுத்துவை வெளியேற்ற என் அண்ணா ஒரு காகிதம் நீட்டினார். பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன்.

கெடு முடிந்த அன்று மாரிமுத்து, வழக்கம்போல முதல் தாரைச் சுமந்துகொண்டு எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தார்.

“என்னத்துக்கு மாரிமுத்து இதெல்லாம்?”

“முதல் தார் இங்கதானேங்க சாமி வரணும். மத்த மரத்துக்கெல்லாம் முட்டுக் கொடுத்திருக்கேன். வர்றவங்ககிட்ட அத எடுத்துட வேணாம்னு சொல்லுங்க, காத்துக்குச் சாஞ்சிடும்.”

எங்கே போகிறார் என்று கேட்டேன்.

“மணப்பாறையில மச்சினன் வீட்டுக்குங்க. மாட்ட நேத்தே ஓட்டிவிட்டாச்சு” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வகுப்பில் அதே பாட்டு. பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தனை வருடமும் இடையனுக்காகவே கண்கலங்கியிருக்கிறேன். நிலத்தை எடுத்துக்கொண்டவனும் அந்தப் பாட்டில் இருக்கிறான். அவன் யாரென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.