மோகா ஏற்றத்தில் கொதித்த மோட்டார்

போர்ட் லூயி துறைமுகத்துக்கு மேலே, சேன் பியேர் ஊரில் கொஞ்சம் கரும்பு போட்டிருந்த ஐயாசாமி லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. கோழி முட்டையிடாவிட்டால் கோழியைப் பார்க்க மாட்டார், பக்கத்து வீட்டைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் முழுசாக நம்பியது ஜில்பெர் ஒருவரைத்தான். ஜில்பெர் சர்க்கரை ஆலையில் இயந்திரம் பார்க்கிற, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்காரர். பதினெட்டு வருஷப் பழக்கம். 1931-இல் ஐயாசாமி ஒரு பழைய மோட்டார் வண்டியை வாங்கி வாடகைக்கு விட்டதே அவர் கொடுத்த தைரியத்தில்தான். பழுதென்றால் ஜில்பெர்தான் பார்ப்பார்.

அடுத்த வருஷம் தைப்பூசக் காவடி முடிந்த மறுநாளிலிருந்து வண்டி மானத்தை வாங்க ஆரம்பித்தது. போர்ட் லூயியில் ஆளை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வரும் வழியில் மோகா மலை ஏற்றத்தில் ஏறினால் பாதி வழியில் குபுகுபுவென்று ஆவி கக்கும். தண்ணீர் ஊற்றினாலும் அடுத்த திருப்பத்தில் மறுபடி கொதிக்கும். ஏறினவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடந்தார்கள்.

ஐயாசாமிக்குப் பொறி தட்டியது. ஜில்பெரின் மச்சான் ஜான்-போல் போன மாதம்தான் இதே பாதையில் ஒரு மோட்டாரை விட்டிருந்தான். இந்த வண்டி படுத்தால் யாருக்குக் கொண்டாட்டம்? வண்டியின் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் ஊரில் வேறு யார்? சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாம் பொருந்தித்தான் வரும், அதுதான் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை சீனர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பத்துப் பேர் பார்க்கக் கேட்டுவிட்டார்.

“என் வண்டியிலே என்னத்தைப் போட்டே, ஜில்பெர்?”

ஜில்பெருக்குச் சுருக்கென்றது. ஆனால் கத்தவில்லை. “வண்டியைத் திற,” என்றார்.

முதலில் காற்றாடியைச் சுற்றும் வாரை அழுத்திப் பார்த்தார், தொய்வில்லை. ரேடியேட்டரின் முன்பக்கம் கரும்புச் சோகை அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவினார், சுத்தமாக இருந்தது. ரப்பர் குழாய்களில் ஒழுகலும் இல்லை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு இரண்டு குழாய்களையும் தொட்டார். மேல் குழாய் கை வைக்க முடியாத சூடு, கீழ்க் குழாய் சில்லென்று இருந்தது.

“உள்ளே அடைப்பு. தண்ணி சுத்தி வரலே.”

“அடைச்சது யாரு?” என்றார் ஐயாசாமி, விடாமல்.

எஞ்சின் ஆறியதும் ஜில்பெர் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கம்பியை விட்டுக் குத்தியதும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் விழுந்தன. குனிந்திருந்த இருவர் மூக்கிலும் புளித்த பால் வாடை ஏறியது.

ஐயாசாமி அந்த வாடையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பூசத்தன்று காவடி எடுத்து, கோயிலில் அபிஷேகம் முடிந்து கொடுத்த பாலை ஒரு செம்பில் வாங்கி வந்து, வண்டிக்கும் முருகன் அருள் கிடைக்கட்டும் என்று அந்த ரேடியேட்டரில் ஊற்றியது அவர் கைதான். காவடிப் பால் திரிந்தால் சுமந்தவர் விரதத்தில் குற்றம் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். இப்போது பத்துப் பேர் எதிரில் அது திரிந்து கிடந்தது. வருஷா வருஷம் காவடி பார்க்க வருகிற ஜில்பெருக்கும் அது தெரியும்.

“என்ன அது?” என்று கடைக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஜில்பெர் ஐயாசாமியை ஒரு கணம் பார்த்தார். பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

“சுண்ணாம்பு. ஆத்துத் தண்ணி ஊத்தினா இப்படித்தான் படியும்.”

கடையில் வெந்நீர் வாங்கி, சோடா உப்புக் கலந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை நாலு தடவை அலசினார். அரை மணி நேரம் ஓடியும் எஞ்சின் கொதிக்கவில்லை. பார்த்தவர்கள் கலைந்தார்கள்.

ஐயாசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. “நாளைக்கு வந்து ஒரு தடவை பார்க்கிறியா?” என்றுதான் கேட்க முடிந்தது.

ஜில்பெர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஜான்-போல் அவன் வண்டியைப் பார்த்துக்கச் சொல்லி ஒரு மாசமாக் கூப்பிடுறான். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு முடியாதுன்னு சொல்லிட்டிருந்தேன். நாளையிலேர்ந்து போறேன்.”