ஊதுபத்தி பாய் கட்டிய கம்பி

காரைக்குடியில் சேக் பரீது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஊதுபத்தி பாய் என்றால் ஆட்டோக்காரர் கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். வண்டிகளுக்கு ஏசி பார்க்கிறவர். சார்ஜாவில் பதினோரு வருடம் இதே வேலையைச் செய்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பிக் கடை போட்டவர். மற்றவர்கள் மீட்டரும் கையுமாக வண்டியைச் சுற்றி வருவார்கள். இவர் ஒரு சந்தன ஊதுபத்தியைக் கொளுத்தி, டாஷ்போர்டில் காற்று வரும் துளை ஒவ்வொன்றிலும் காட்டுவார். புகை எங்கே தள்ளப்படுகிறது, எங்கே இழுக்கப்படுகிறது, எங்கே சும்மா நிற்கிறது என்று பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாமும் கேட்டதில்லை.

போன வைகாசியில் கண்டனூரிலிருந்து அழைப்பு வந்தது. சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற உடையப்பன், அண்ணன் மகன் கல்யாணத்துக்காக மனைவி கல்யாணசுந்தரியோடு வந்திருந்தார். வந்தது சாதாரணக் காரில் அல்ல. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய பெரிய வேன். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் அன்றைக்கு அறுபது பேர். அறைக்கு அடிபிடி. இவர்கள் இருவரும் வீட்டின் பின்வாசல் சந்தில் வண்டியை நிறுத்தி, அதிலேயே ஜம்மென்று தங்கிவிட்டார்கள்.

“மேல ஒரு ஏசி இருக்கு பாய், அது பின்னாடி படுக்கைக்கு. முன்னால டாஷ்போர்டுல காத்தே வரலை. சென்னையிலேர்ந்து வெந்துக்கிட்டே வந்தேன்” என்றார் உடையப்பன்.

பாய் பத்தியைக் கொளுத்தினார். நடுத்துளையில் புகை அசையாமல் நின்றது. டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனதும் கலைந்து ஓடியது. “காத்து வருதுண்ணே. உங்ககிட்ட வரலை, உள்ளுக்குள்ளயே சுத்துது” என்று மூடியைக் கழற்றினார். காற்றுக் குழாய் ஒன்று கழன்று தொங்கியது. மாட்டினார். அப்படியும் காற்று மெலிவாகத்தான் வந்தது. இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், காற்றை வண்டிக்குள்ளிருந்து எடுப்பதா, வெளியிலிருந்து எடுப்பதா என்று மாற்றுகிற தகடு பாதியில் சிக்கி நின்றது. அதை இழுக்கும் கேபிள் அறுந்திருந்தது. புதுக் கேபிள் மதுரையிலிருந்து வர நாலு நாளாகும்.

“அதுவரைக்கும் இப்படி இருக்கட்டும்” என்று தகட்டை வெளிக்காற்றுப் பக்கம் முழுக்கத் தள்ளி, கட்டுக்கம்பியால் மூன்று முறுக்கு முறுக்கினார். கையிலிருந்த பத்தி இடைஞ்சலாக இருந்ததால், அதை முன் பம்பருக்குக் கீழே தரையில் குத்தி வைத்திருந்தார்.

விசிறியைப் போட்டதும் காற்று வந்தது பாருங்கள், கல்யாணசுந்தரியின் முந்தானை பறந்தது.

“அட, சந்தன வாசமால்ல வருது! கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு பாய்.”

“நம்ம பத்திதான் ஆச்சி. வெளிய வச்சா உள்ள மணக்குது, அம்புட்டு இழுவை!”

பெருமையில் பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. தான் சொன்னது என்ன என்று அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பாராட்டு வாங்குகிற நேரத்தில் எந்த மனுஷன் யோசிக்கிறான்?

மூன்றாம் நாள் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலை ஐந்துக்குத்தான் வரும். மதியச் சாப்பாட்டை முடித்துப் பாய் கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலில் ஜெனரேட்டரைப் போட்டார். புகை பாயின் கடைக்குள் நேராக வந்தது. முணுமுணுத்துக்கொண்டே, நாற்றம் போகட்டும் என்று ஒரு பத்தியைக் கொளுத்தினார்.

பெட்ரோல் புகையும் சந்தன வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. தீக்குச்சி விரலைச் சுட்டது கூடத் தெரியவில்லை.

அந்த வேனிலும் ஜெனரேட்டர் இருந்தது. முன்படிக்குக் கீழே ஒரு பெட்டியில். அதன் புகைக்குழாய் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்ததை தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். பத்தியைக் குத்தி வைத்த இடத்துக்கும் அந்தக் குழாய்க்கும் ஒரு சாண் கூட இல்லை. பத்திப் புகை உள்ளே போயிற்று என்றால்?

“யா அல்லாஹ்” என்றார். கண்டனூருக்கும் இன்றைக்குக் கரண்ட் கிடையாது.

உடையப்பனுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். மூன்றாவது தடவைக்குக் காத்திருக்கவில்லை, கடையைத் திறந்தபடி விட்டு பைக்கை எடுத்தார். வழியிலிருக்கும் கோட்டையூரை எப்படித் தாண்டினார் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆச்சியின் பறந்த முந்தானைதான் வழியெல்லாம் கண்முன்னால் நின்றது.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் பந்தல், மேளம், சிரிப்பு. பின்சந்தில் ஓர் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், நடுவில் வேன். திரை இழுத்து விட்டிருந்தது. ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே! ஆச்சி!” தட்டினார், குத்தினார், உதைத்தார். பதில் இல்லை. ஸ்பானரால் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை உடைத்து, கையைக் கிழித்துக்கொண்டு கதவைத் திறந்தார். மேல் ஏசி போதாதென்று முன்விசிறியையும் போட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள்; டாஷ்போர்டிலிருந்து காற்று ஜோராக வந்துகொண்டிருந்தது. அவர் சரி செய்து கொடுத்த காற்று. படுக்கையில் உடையப்பன் வாய் திறந்தபடி கிடந்தார். கல்யாணசுந்தரி பாதி எழுந்து, கதவுக்கு இரண்டடி முன்னால் குப்புற விழுந்திருந்தார்.

பாய் போட்ட சத்தத்தில் வீட்டுக் காவலாளி மருது ஓடி வந்தார். “ஆளுக்கொரு பக்கம் பிடிங்கண்ணே!” என்றார் பாய். இருவருமாக அவர்களை இழுத்து வந்து சந்து முனையில் காற்றில் போட்டார்கள். ஆச்சி வாந்தி எடுத்தார். உடையப்பன் அசையவே இல்லை. பாய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு, அந்திக்குத்தான் உடையப்பன் கண் திறந்தார். இன்னும் கால் மணி போயிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டர். கல்யாண வீடு மொத்தமும் வராந்தாவில் நின்றது. “தெய்வம் மாதிரி வந்தீக பாய்” என்று ஒருவர் கட்டிக்கொண்டார். பந்தலில் மாலை போடவேண்டும் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு வார்த்தையும் பாய்க்குச் செருப்படியாக விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலையும் வரும், பேரும் நிற்கும்.

கட்டிலில் சாய்ந்திருந்த கல்யாணசுந்தரி, கட்டுப் போட்ட பாயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எங்களுக்கு உசுரு குடுத்திருக்கீக.”

“இல்ல ஆச்சி” என்றார் பாய். “அந்தப் புகைய உள்ள விட்டது நாந்தான். அன்னைக்கு உள்ள ஒரு கம்பி கட்டுனேன்ல, அதான் வெளிக்காத்த இழுத்துச்சு. பத்தி வாசம் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலை.”

ஆச்சி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கைகளை எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் புருஷனின் மார்பு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தபடி இருந்தார்.

“மருதுகிட்ட சாவி இருக்கு,” என்றார் கடைசியில், திரும்பிப் பார்க்காமல். “போயி அந்தக் கம்பிய நீங்களே அவுத்துட்டு வாங்க. வேற யாரும் அந்த வண்டியத் தொடக் கூடாது.”

பாய் போனார். மருது டார்ச் பிடித்தார். மூன்று முறுக்குத்தான், ஆனால் கழன்றுவிடக் கூடாது என்று அத்தனை கவனமாகக் கட்டியது. காயம்பட்ட கையால் அதை அவிழ்க்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று.